மதியம் வரை ஆசிரியர்

செந்தூல் அடுக்குமாடியில் வசிக்கும் ரோகிணிக்கு, மகளின் பள்ளி ஆசிரியை மேல் தீராத எரிச்சல். யாஷினி கணக்கில் தடுமாறியபோது, "வீட்டுல உங்கம்மா பாக்கறதே இல்லையா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். கல்வி இலாகாவுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, வீட்டில் தானே பாடம் நடத்தினாள்.

வீடு என்றால் விளையாட்டாகிவிடும் என்று சட்டமும் போட்டாள். காலையில் சீருடை போட வேண்டும். எழுந்து நின்று "வணக்கம் ஆசிரியர்" சொல்ல வேண்டும். மதியம் வரை அம்மா என்று கூப்பிடக் கூடாது.

மூன்றாவது மாதம், அதே பின்னக் கணக்கு ஆறாவது முறையாகத் தப்பானது. ரோகிணி புத்தகத்தை மேசையில் அறைந்தாள்.

"எத்தன தடவ சொல்றது லா? வீட்டுல உங்கம்மா பாக்கறதே இல்லையா?"

யாஷினி எழுந்து நின்றாள்.

"பாக்கறாங்க, ஆசிரியர். அவங்களுக்கும் கோவம்தான் வருது."