காதுக்குள் உருண்ட சுண்ணாம்பு

தலைசுற்றல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு அப்படி என்ன ஆசை? வேறு வேலை இல்லையா? அடுப்பில் பால் வைத்திருப்பீர்கள், முதலில் போய் அதைப் பாருங்கள். உங்களுக்கே சுற்றுகிறது என்றால் மட்டும் இருங்கள். நின்றுகொண்டு படிக்க வேண்டாம். சுவரோரமாக உட்காருங்கள், சொல்கிறேன்.

மிளகு பறிக்கும் சமயம். விடியும்போது கட்டிலில் வலப்பக்கம் புரண்டேன். கூரை ஓடுகள் வரிசையாக நகர ஆரம்பித்தன. கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லா ஓடுகளும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூரையையா பார்ப்பார்கள்? என்னைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்த முறை மிளகுக் கொடியடியில் வந்தது. கொத்து முற்றிவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தேன். கொடி படர்ந்த மரம் சாய்ந்தது. உண்மையில் சாய்ந்தது நான். ஏணியில் ஏறுவதற்கு முன்பே விழுந்ததால்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குப்பாயி ஓடிவந்து தூக்கினாள்.

"பித்தம் ஏறிப்போச்சுக்கா. காப்பித்தண்ணியக் கொறைன்னா கேக்கறியா?"

"நான் குடிக்கறது ஒரு சொம்பு. நீ குடிக்கறது ஒரு குண்டா. உனக்கு ஏன்டி ஏறல?"

அவள் உடனே என் மகன் பழனிக்குப் போன் போட்டுவிட்டாள். அவன் மலைக்குக் கீழே, அடிவாரத்துக் காரவள்ளியில் குடும்பத்தோடு இருக்கிறான், கொத்தனார் வேலை. மறுநாளே வந்து நின்றான்.

"ஏம்மா, தனியா இருந்தது போதும். டாக்டரப் பாத்துட்டு எங்க ஊட்டுலயே இருந்துக்க. இனி மேல ஏற வேண்டாம்."

பழனிக்குப் பதில் சொல்லாமல் நான் விட்டதே இல்லை. அன்று விட்டேன். எழுந்து நிற்கவே சுவர் தேவைப்படுகிறவள் எந்த வாயால் என் வீடு, என் கொல்லை என்று பேசுவது? கோழிகளைக் குப்பாயியிடம் ஒப்படைத்தேன்.

"நீ வர்றதுக்கு நாளாச்சுன்னா சேவல என்ன பண்றதுக்கா?"

"பத்திரமா வெச்சிரு. வந்து எண்ணுவேன்" என்றேன். வருவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

மலையில் பிறந்தவள் நான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஓர் ஏப்பம்கூட வந்ததில்லை. மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும்போது, சுருக்குப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டி, "மோந்து பாருங்க சாமி, இன்னும் பாதிகூட வரல" என்று ஆறுதல் சொல்வேன். அது ஆறுதல் என்று சொல்வது நான் மட்டும்தான்.

அன்று மூன்றாவது வளைவிலேயே என் தலை வெளியே போனது. கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏனுங்க ஆயா, பையிலிருந்து அந்தப் பழத்த நானே எடுத்துத் தரட்டுங்களா? இன்னும் பாதிகூட வரலீங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். என் வாய் வேறு வேலையாக இருந்தது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண். பிரஷர் பார்த்தார். நடக்கவிட்டார். பேச்சு குளறியதா, கை கால் மரத்துப்போனதா, பார்வை இரண்டாகத் தெரிந்ததா என்று கேட்டார். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எனக்கு அதெல்லாம் இல்லை.

என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, தலை கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று சாய்த்தார்.

"கண்ண மூடாதீங்க ஆயா. என் மூக்கையே பாருங்க."

"பாக்கறேன் கண்ணு. மூக்குத்திதான் பம்பரமாச் சுத்துது."

அவர் பார்த்தது என் கண்ணை. கண்மணி தானாகத் துள்ளியதாம். அதற்கு நிஸ்டாக்மஸ் (கண்மணி நம் விருப்பமின்றித் துடிப்பது) என்று பெயர். என் நோயின் பெயர் பி.பி.பி.வி. (தலையின் நிலை மாறும்போது கொஞ்ச நேரம் வந்து போகும் சுற்றல்). பெயரே வளைவில் அடிக்கும் ஹாரன்போல இருந்தது.

"சுத்தறது தலை, பாக்கறது காதா?" என்று கேட்டேன்.

விரலை வளைத்துக் காட்டி விளக்கினார். காது கேட்பதற்கு மட்டுமில்லை. அதன் ஆழத்தில், எலும்புக்குள், அரைவட்டக் குழாய்கள் (நீர் நிறைந்த மூன்று நுண்ணிய வளைந்த குழாய்கள்) இருக்கின்றன. தலை திரும்பினால் அந்த நீர் அசையும். முடியைப்போன்ற இழைகள் அந்த அசைவை உணர்ந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே ஒரு சிறு பை. அதில் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். எது மேல், எது கீழ் என்று சொல்வது அவற்றின் வேலை. வயதானால் சில துகள்கள் கழன்று குழாய்க்குள் உருண்டுவிடும். பிறகு தலை நின்றாலும் உள்ளே நீர் நிற்காது. சுற்றுகிறது என்று காது சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு.

"வெத்தலைக்குப் போட்ட சுண்ணாம்பா கண்ணு காதுக்கு ஏறிருச்சு?"

"இல்லீங்க ஆயா. இது எல்லாருக்கும் இருக்கறதுதான். உங்க பையனுக்கும் இருக்குது."

"அவனுக்குக் காது இருக்குதான்னே எனக்குச் சந்தேகம்."

கூட நின்ற பழனி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பிறகு வைத்தியம். ஊசி இல்லை, கத்தி இல்லை. சாய்ந்திருந்த என் தலையை அப்படியே இடப்பக்கம் திருப்பினார். காத்திருந்தார். உடம்போடு உருட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்தார். மறுபடி காத்திருந்தார். மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். மலைப்பாதையில் நல்ல டிரைவர் பஸ்ஸைத் திருப்புவதுபோல, ஒவ்வொரு வளைவிலும் அவசரமில்லாமல் துகளை ஓட்டிக்கொண்டுபோய் அதன் பைக்குள் இறக்கிவிட்டார். இது கற்றவர் கையால் நடக்க வேண்டிய வேலை. பேரன் செல்போனில் பார்த்தான் என்று அவனிடம் கழுத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

"இவங்க மலை மேல தனியா இருக்கலாமுங்களா?" என்று பழனி கேட்டான். நான் டாக்டரின் வாயையே பார்த்தேன்.

"தாராளமா இருக்கலாம். மறுபடி வந்தாலும் வரும், வந்தா இங்க கூட்டிட்டு வாங்க. ஏணி மட்டும் வேண்டாம்."

சில நாள் காரவள்ளியில் தங்கினேன். நடந்தால் தரை மெத்தைபோல அமுங்கியது, பிறகு அதுவும் தரையாகிவிட்டது. திரும்பி ஏறும்போது பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் எல்லா வளைவிலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்து வந்தேன்.

இப்போதெல்லாம் சேவல் கூவியதும் குதித்து எழுவதில்லை. ஒருக்களித்து, எழுந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கூரையும் சுவரும் நானும் தயாரான பிறகே நிற்கிறேன். இத்தனை காலம் காலால் நிற்பதாக நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி சுண்ணாம்புதான் என்னை நிறுத்தி வைத்திருந்திருக்கிறது.

திரும்பி வந்த அன்று வாசலில் கூட்டம். என்ன நோய், என்ன செய்தார்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. குப்பாயி மட்டும் ஒரு மூடிய கூடையோடு பின்னால் நின்றாள். எல்லோருக்கும் சேர்த்தே சொன்னேன்.

"காதுக்குள்ள ஒரு பொடிக் கல்லு அதும் ஊட்ட உட்டு எறங்கிப்போச்சாம். அதுக்கே ஒலகம் அந்தச் சுத்து சுத்துச்சு. நானும் எறங்கிட்டா என்னாவும்னு நெனச்சுப் பாருங்க. அதான் வந்துட்டேன். ஏன்டி குப்பாயி, உன் கூடைக்குள்ள கத்தறது என் சேவல்தான? எடுத்துக் குடு."