அக்காவுக்குப் பால் ஊற்றவிடாதவன் எழுதுகிறேன்

அம்பத்தூரில் ஒற்றை லேத்தோடு தொடங்கியவன் நான். இன்று மூன்று பட்டறை, நசரத்பேட்டையில் மாடி வீடு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. யார் தயவும் இல்லை, அக்காவைத் தவிர.

திருநின்றவூரில் பிறந்தவர் அக்கா. அம்மா போனபின் என்னை வளர்த்தார். மாமாவும் சீக்கிரம் காலமாகிவிட, ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு வீடாக இட்லி சுமந்து மகளை ஆளாக்கினார்.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். "எது வேண்டுமானாலும் மாட்டுங்கள்" என்று கையெழுத்துப் போட்டேன். மூக்கில் குழாய். அதைப் பிடுங்காமலிருக்க இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள். ஐந்தாம் நாள் அக்கா குழறிக் குழறிக் கேட்டார்: "இன்னாடா, திருடன மாதிரி கட்டி வச்சிகீறே? ஊட்டுக்கு இட்னு போடா."

இனிக் குணமாக்க வழியில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னேன். குழாயை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலை நானே வெல்டிங் வைத்தேன். வீட்டுக்கே வந்த நர்ஸம்மா வலிக்கு மருந்து கொடுக்கவும், புரட்டிப் படுக்க வைக்கவும், பஞ்சால் உதட்டை நனைக்கவும் சொல்லிக் கொடுத்தார். "வாயில எதையும் ஊத்தாதீங்க ஐயா, நுரையீரலுக்குப் போயிடும்" என்றார்.

கடைசி நாள் காலை, குமணன்சாவடியிலிருந்து பெரியப்பா மகன் டம்ளரில் பாலோடு வந்தார்.

"கடைசியா ஒரு வாய் பால் ஊத்தாத அனுப்புவியா? நீ இன்னா மன்சன்டா?"

"அண்ணாத்தே, அதால முழுங்க முடியாது. மூச்சு முட்டித் தவிச்சினு போவணுமா?"

"வந்துட்டாரு பாரு, அஞ்சாங்கிளாஸு டாக்டரு!"

கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டேன். நகரவில்லை. பிறகு பஞ்சை அந்தப் பாலில் தொட்டு, ஒட்டப் பிழிந்து அவர் கையிலேயே கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் வாங்கினார். அக்காவின் உதட்டில் தடவும்போது அழுதுவிட்டார். சற்று நேரத்தில், மகளின் விரலைப் பிடித்தபடியே, ஒரு இருமல் கூட இல்லாமல் அக்கா போய்விட்டார்.

நர்ஸம்மாவுக்கும், கண் அயராத அக்கா மகளுக்கும், என் மருமகள் அவள், பஞ்சை வாங்கிக்கொண்ட அண்ணனுக்கும் என் கும்பிடு.

"தம்பிக்காரன் பாலைத் தடுத்துட்டான்" என்று காரியத்தன்றே பேசினார்கள். அதனால் நீங்கள் அச்சடிக்கும் அக்காவின் நினைவு மலரில் இந்தப் பாலின் கதையை விட்டுவிடலாம் என்கிறாள் மருமகள். விடக் கூடாது. அக்காவின் கைகளைக் கட்ட வைத்தது நான், அவிழ்க்கச் சொன்னதும் நான், பாலைத் தடுத்ததும் நான். மூன்றையும் என் பேர் போட்டே அச்சடியுங்கள்.