மகள் நோட்டில் நான் நிரப்பிய மூன்று பக்கம்

இன்றைக்குக் காலேஜில் ஜீரோ வாங்கப் பார்த்தேன்!

(நான் படித்தது அஞ்சாவது. அதையும் முழுசாக முடித்தேனா என்று கேட்காதீர்கள்.)

என் மகள் சுகன்யா கீழே டவுனில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. தமிழ் படிக்கிறாள். சனி ஞாயிறுக்கு மலை ஏறி வருவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவாள்.

இந்தத் தடவை கையில் ஒரு நோட்டு. கதை படித்துவிட்டு இடது பக்கம் அதிலிருந்து ஒரு வரி எழுத வேண்டுமாம். வலது பக்கம் அதைப் படித்ததும் மனசில் தோன்றியது. இதற்கு மார்க் வேறு!

இன்று விடியற்காலை அவள் குளிக்கப் போனபோது புரட்டிப் பார்த்தேன். மூன்று இடத்தில் வலது பக்கம் காலி.

பாத்தி காலியாகக் கிடந்தாலே எனக்குக் கை சும்மா இருக்காது. பேனாவை எடுத்தேன்.

இடது பக்கம்: 'அவன் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான்.'

நான்: 'பசிச்சா வருவானுங்க. சோத்த மூடி வெச்சுட்டுப் படுங்க.'

இடது பக்கம்: 'மழை அவள் துயரத்தைக் கழுவிக்கொண்டு போனது.'

நான்: 'அது கெடக்கட்டும். காயப்போட்ட மிளக உள்ள எடுத்தாளா இல்லியா?'

இடது பக்கம்: 'மகளை வழியனுப்பிவிட்டுத் தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.'

நான்: 'நானும் அப்படித்தானுங்க. அழுவறதுக்கு எங்க நேரம்? காட்டுல வேலை கெடக்குது.'

நோட்டைப் பையில் வைத்து, பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மிளகு காயப்போட்டேன்.

பதினோரு மணிக்கு போன்.

"அம்மா! என் நோட்டுல என்ன பண்ணி வெச்ச?"

"ஒண்ணும் பண்ணலியே சாமி. மூணே மூணு பக்கம்."

"எதுவும் தோணலீனா காலியா விடலாம்னு மேடம் சொல்லியிருந்தாங்கம்மா! வேற ஆரு எழுதிக் குடுத்தாலும் மொத்தத்துக்கும் ஜீரோ. நான் பாக்காமயே நோட்டக் குடுத்துட்டேன்! நோட்டெல்லாம் அடுக்கி வெச்ச புள்ள பாத்துட்டு இப்பத்தான் சொல்றா!"

அந்தப் பிள்ளை ஒரு மாதமாக எழுதிய நோட்டு அது.

"நான் வேணா மேடம்கிட்டப் பேசட்டுமா கண்ணு?"

"நீ எழுதுனதே போதும்!" என்று போனை வைத்துவிட்டாள்.

எங்கள் ஊட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். "அஞ்சாவதுல நின்னவ நேரா காலேஜுக்குப் போயி பெயிலாவப் போற. எங்க வம்சத்துல இதுவரைக்கும் ஆரும் காலேஜ்ல பெயிலானதில்லீங்க அம்மணி!"

(அவர் வம்சத்தில் காலேஜ் பக்கம் போனதே சுகன்யா ஒருத்திதான்.)

மத்தியானம் சோற்றை மூடி வைத்தேன். போனில் டவர் விடாமல் கிடைக்கும் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்குக் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது!

"மேடம் 'இது ஆரு எழுதுனது'ன்னு கேட்டாங்கம்மா. எங்கம்மா எழுதுனது, நான் பாக்கலீங்க மேடம்னு உள்ளதச் சொல்லிட்டேன்."

"திட்டுனாங்களா?"

"கிளாஸ்லயே சத்தமாப் படிச்சாங்க. மிளகு பக்கத்த ரெண்டு தடவை! அப்பறம், மார்க்கு உனக்குத்தான், உங்கம்மாவுக்கு இல்ல, அதனால உங்கம்மா எழுதுன ஒரு வரிய இடது பக்கம் போட்டு, அதுக்கு உனக்குத் தோணுறத வலது பக்கம் எழுதிட்டு வா, ஜீரோ போடலைன்னுட்டாங்க."

கும்பிடத் தகுந்த மேடம்! எந்த ஊர்க்காரரோ, அவருக்கு ஒரு படி மிளகு எடுத்து வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் அந்தப் பக்கத்தின் போட்டோ வந்தது.

இடது பக்கம் நான்: 'அழுவறதுக்கு எங்க நேரம்?'

வலது பக்கம் அவள்:

'என் அம்மா எழுதியது பொய். பஸ் அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் எங்கள் காடு மறுபடியும் தெரியும். மிளகுக் கொடிக்குப் பின்னால் நின்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைப்பார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்க்கிறேன். இதுவரை சொன்னதில்லை.'

இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்!

வியர்வையைத் துடைத்தேன் என்று பதில் அனுப்பினேன். 'காலைல ஆறு மணிக்கு, இந்தக் குளுருலயா?' என்று கேட்கிறாள்.

ஏனுங்க, அந்த ஒரு வளைவில் மட்டும் பஸ்ஸைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பச் சொல்லி மனு கொடுக்க வேண்டுமென்றால், யாரிடம் கொடுக்க வேண்டும்?