நீர்நாய்க் கதைக்கு மறுப்பு எழுதாத டாக்டர்

1938 ஆடி மாதம். ஸ்ரீரங்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் வேதவதிக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பகலில் நோயாளிகள், சாயங்காலம் கதை. அவள் கதைகளில் கொக்கும் ஆமையும் வெள்ளமும்தான் வரும். அதனால் யாரும் சண்டைக்கு வந்ததில்லை, நீர்நாய்க் கதை பத்திரிகையில் வரும்வரை.

கதை இவ்வளவுதான். முந்தைய குட்டிகள் நீந்தப் பழகுமுன்பே ஒரு பெண் நீர்நாய்க்கு அடுத்த ஈற்று. ஆற்றங்கரை வளைக்குள்ளேயே ஒடுங்கிச் செத்துப்போகிறது.

ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் வீரராகவனின் மருமகள் சத்யபாமாவுக்கு ஐந்து வருஷத்தில் நாலு பிரசவம். கடைசிப் பிரசவத்தில் அவள் பிழைத்ததே அதிசயம். "ரெண்டு வருஷம் பிறந்தாத்துக்கு அனுப்புங்கோ" என்று வேதவதி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, எங்காத்து நாட்டுப்பொண்ணை நீர்நாயாக்கிப்பிட்டயே! கோவில்ல தீர்த்தம் வாங்கப் போனா, 'ஸ்வாமி, சம்பந்தி எந்த ஆத்தங்கரை?'ன்னு கேக்கறான் பக்கத்துல நிக்கற யதிராஜன்!"

வேதவதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அது எங்காத்துக் கதை இல்லேன்னு எழுதிப்போடு. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடறது. அதுக்குள்ள எழுதலேன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"எழுத முடியாது மாமா."

"அப்போ எங்காத்துக் கதைதானா?"

"நான் எங்கே சொன்னேன்? உங்களுக்குத்தான் அப்படித் தோணித்து. ஏன் தோணித்துன்னு ஆத்துக்குப் போய் யோசிங்கோ."

அவர் போனதும் கம்பவுண்டர் பாக்கியநாதன் பதறினார். முன்பு அவள் முசிறியில் டாக்டராக இருந்தபோதும் அவளிடம் வேலை பார்த்தவர்.

"இது முசிறியில நீங்க எழுதுனதாச்சே! அந்தப் பொண்ண அப்ப நீங்க பார்த்ததுகூட இல்லீங்களே. பத்திரிகைக்காரங்க மூணு வருஷம் தூங்கிட்டு இப்பப் போட்டிருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோயிடும். அதான் சொல்லமாட்டேன். படிச்சுப் படிச்சுச் சொன்னப்போ கேட்டாரா? இப்ப ஊர் சிரிக்கறதுன்னு பயப்படறார். பயப்படட்டும்."

"அந்தப் பொண்ணு மனசு நோகாதா?"

மறுநாள் சத்யபாமாவே வந்தாள், குழந்தையின் இருமலுக்கு மருந்து வாங்க. பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "அது நான் இல்லேன்னு எழுதிடாதேங்கோ டாக்டர். பேச்சு அடங்கித்துன்னா என்னைப் பிறந்தாத்துக்கு அனுப்பமாட்டா."

வெள்ளிக்கிழமை கமிட்டியில் வேதவதி நின்றுகொண்டே பேசினாள். "மறுப்பு எழுதறதா இல்லை. சீட்டைக் கிழிக்கணும்னா கிழிச்சுக்கோங்கோ."

கிழித்துவிட்டார்கள். ஊர் வாயை அடைக்க வீரராகவன் மருமகளையும் குழந்தைகளையும் கும்பகோணத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு ரயிலேற்றினார். வேதவதி உறையூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்தாள். ஆடி கழியட்டும் என்றார் வீட்டுக்காரர். அவள் அந்த வாரமே டாக்டர் போர்டு மாட்டினாள்.