பதினேழாவது வரி

ப்ருனோ நகரத்தில், ட்ராம் வண்டி திரும்பும் முனையில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில், யோலனா பத்தொன்பது வருடங்களாக ஒரே ஒரு கணினிக் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதாள் என்பது அவள் கணவன் சொல்வது. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அந்த நிறுவனம் எழுதி விற்பது தரவுத்தள மென்பொருள். அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதைச் செய்வதானாலும், செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் கையை வைக்கும். நடுவில் மின்சாரம் போய்விட்டால், மறுபடி எழுந்ததும் குறிப்பேட்டைப் படித்து, விட்ட வேலையை முடிக்கும். குறிப்பேட்டில் இருப்பதெல்லாம் எண்கள். பதினெட்டு என்றால் 'புதிதாகச் சேர்', பத்தொன்பது என்றால் 'அழி'. எந்த எண்ணுக்கு என்ன பொருள், அதற்கு எத்தனை பைட் இடம் என்று சொல்லும் பட்டியல்தான் யோலனாவின் கோப்பு. பட்டியலில் எத்தனையாவது வரியோ, அதுவே எண். அந்தக் கோப்பு ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. மற்ற கோப்புகள் எல்லாம் அது சொன்னபடி ஆடும். மாமியார்களுக்குக்கூட அப்படி ஒரு பதவி வாய்ப்பதில்லை.

பட்டியலில் புதிதாக வருவது கடைசியில்தான் உட்கார வேண்டும், பழையது வழக்கொழிந்து செத்தாலும் அதன் வரி அங்கேயே கிடக்க வேண்டும் என்பது யோலனாவின் சட்டம். பதினேழாவது வரி செத்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

அங்கே காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு; செப்டம்பர் பதினைந்து யோலனா என்ற பெயருக்கான நாள். வழக்கப்படி அவளே முட்டையும் பன்றியிறைச்சியும் அடுக்கிய ரொட்டித் துண்டுகளைத் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். எல்லோரும் அலுவலகச் செருப்பை இழுத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். பிளம் சாராயமும் இரண்டு சுற்று வந்தது. அப்போதுதான் மேலாளர் ரதோவான் வாயைத் திறந்தான்.

"ஏன் யோலனா, அந்தப் பதினேழு செத்து எத்தனை வருஷமாச்சு? இன்னும் நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கீங்களே! திவசமும் உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். யோலனாவும் சிரித்தாள், ஆனால் முகம் சுட்டது. பத்தொன்பது வருடம் காத்த சட்டம் ஒரு கேலிக்கு முன்னால் கிழட்டுத்தனமாகத் தெரிந்தது. நேராக மேசைக்குப் போனாள், வரியை நீக்கினாள், "போயிடுச்சு, போதுமா?" என்றாள். சோதனைகள் எல்லாம் தேறின. தேறாமல் என்ன செய்யும்? புதிதாக எழுதியதைப் புதிதாகப் படித்துப் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பதிப்பு வாடிக்கையாளர்களுக்கும் போயிற்று.

பத்து நாள் கழித்து, காலை பதினொன்றுக்குத் தொலைபேசி அடித்தது. மிகுலோவ் பக்கத்துத் திராட்சை விவசாயிகள் சங்கம். சங்கத்தின் பாதாளக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஹினெக் பேசினார்.

"அம்மா, பிழியிற மெஷினையும் பம்பையும் ஒண்ணா போட்டோம், கரண்டு போச்சு. திரும்பி வந்ததும் நீங்க அனுப்பி வச்சிருந்த புதுப் பதிப்புதான் ஓடுது. காலையில திராட்சை கொண்டாந்தவங்க நாப்பத்து மூணு பேரு. ஒருத்தர் பேருகூட இல்ல!"

யோலனாவுக்குப் புரிந்துவிட்டது. பழைய பதிப்பு எழுதிய குறிப்பேட்டைப் புதிய பதிப்பு படித்திருக்கிறது. பதினேழு போனதும் கீழே இருந்ததெல்லாம் ஒரு படி ஏறிவிட்டன. பழைய கணக்கில் பதினெட்டு 'சேர்'. இப்போது பதினெட்டு 'அழி'. சேர்த்த ஒவ்வொருவரையும் தேடித்தேடி அழித்திருக்கிறது.

"திராட்சை எங்க இருக்கு?"

"தொட்டியில. எல்லாம் ஒண்ணா கலந்தாச்சு. யாரோடது எவ்வளவுன்னு கடவுளுக்கும் தெரியாது. வாசல்ல டிராக்டரோட நிக்கிறாங்க, என்னையே பிழிஞ்சிருவாங்க போல. இதுல மெஷின் வேற, 'மீட்பு முடிந்தது, பழைய குறிப்பேட்டை அழிக்கவா'ன்னு கேக்குது. ஆமான்னு தட்டிரவா?"

"தொடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் மூன்று மேசை தள்ளி ஒரு காபிக் கோப்பை கவிழ்ந்தது. "கையை எடுங்க. ரெண்டு கையையும். அந்தக் குறிப்பேடு ஒண்ணுதான் மிச்சம்."

"எடுத்துட்டேன். இது யாரு பாத்த வேலை?"

பக்கத்தில் வந்து நின்ற ரதோவான், "தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது. கேலி அவனுடையது, ஆனால் கை அவளுடையது.

"நான்தாங்க. என் பேரு யோலனா. எடுக்கக் கூடாத ஒரு வரியை வீம்புக்கு எடுத்தேன்."

"நல்லது. பேரு தெரிஞ்சாத்தான் திட்ட வசதியா இருக்கும்" என்று தொடங்கி ஹினெக் நன்றாகவே திட்டினார். அவள் காதில் வாங்கிக்கொண்டே வரியைத் திரும்ப வைத்தாள். திருத்திய பதிப்பு கிடங்குக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஓடுது" என்றார் ஹினெக். பிறகு வாசலைப் பார்த்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்.

"வாவ்ரா!" "இருக்கேன்!" "ஷிமெக்கோவா!" "இருக்கேன்பா, என் திராட்சைக்கு இனிப்பு இருபத்தி ரெண்டு டிகிரின்னு போட்டிருக்கா பாரு!" "கோப்ர்ஷிவா!" "அவன் சாப்பிடப் போயிட்டான்!"

யோலனா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவள் பட்டியலில் இவர்கள் இத்தனை பைட், அத்தனை பைட் என்றுதான் இருந்தார்கள். யாருடைய குரலையும் அவள் கேட்டதே இல்லை.

"நாப்பத்து மூணும் வந்தாச்சு. போனை வையி, எனக்கு வேலை கெடக்கு."

"இன்னொரு தடவை படிக்கிறீங்களா?"

"ஏன், உன் மெஷினை நீயே நம்பலையா?"

"அது இல்லங்க" என்றாள். "அவங்க பதில் சொல்றதைக் கேக்கணும்."