மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால்

ஈரல் வைரஸுக்கு மாத்திரை குடிக்கத் தொடங்கியதிலிருந்து உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. அரிப்பில் தோலையே உரித்துப் போட்டுவிடலாம் போல் இருக்கிறது.

இன்று பதுளைக்குப் போய் டாக்டரிடம் அழுதேன்.

“மருந்தாலதான் வருது. களிம்பு தாறன், பூசுங்கோ. மாத்திரையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் வேப்பிலை.

“அம்மா வந்திருக்கா. இப்ப இங்கிலீசு மருந்து குடிச்சா கோவிச்சுக்குவா” என்ற மாமியார், மாத்திரைகளை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்.

“இது அம்மை இல்லங்க மாமி, மருந்து ஒத்துக்கல” என்றேன்.

அவர் என் கைத் தடிப்பைப் பார்த்துக் கும்பிட்டார். “தாயே, புள்ள தெரியாம பேசிருச்சு, மன்னிச்சிரு!”

மாத்திரை குடிக்கிற நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னால் கேட்காத மாமியார், அந்த மாரியம்மா சொன்னால் கேட்பார்.

இங்கே யாருக்காவது சாமியாடத் தெரியுமா? உடனே சொல்லிக்கொடுங்க.