வீடு கூப்பிடுது

எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளில் கேஸ் சிலிண்டர் திருடு போனது. இரண்டும் பட்டப்பகலில். அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை. நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ கடைசி வருடம். பகலில் எங்கள் ஸ்ரீரங்கம் வீடு பூட்டியே கிடக்கும். அதற்காகத்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன்.

பழைய பட்டன் போன் ஒன்றைப் பிரித்து, இரண்டாம் எண் பட்டனுக்கு அடியில் மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்தேன். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் அப்பாவுக்குப் போன் போகும். கதவில் ஒரு காந்தம், நிலையில் அதை உணரும் சின்ன ஸ்விட்ச். கதவு திறந்து காந்தம் விலகியதும், விரல் செய்யும் வேலையை ஒரு ரிலே மூன்று விநாடி செய்யும். அந்த மூன்று விநாடியைச் சரியாகக் கொண்டுவர இரண்டு போன்களைப் பாழாக்கினேன்.

மெசேஜ் அனுப்பும்படியும் செய்திருக்கலாம். ஆனால் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மிஸ்டு கால். தனியாகத் தெரியட்டும் என்று அப்பாவின் போனில் பெட்டியின் எண்ணுக்கு மட்டும் கோயில் மணிச் சத்தம் வைத்துக் கொடுத்தேன். ஆலையில் அது அடித்தால், "யோவ், உன் வீடு கூப்பிடுதுய்யா!" என்று எல்லோரும் கத்துவார்களாம். "எம்பொண்ணு செஞ்சது. கடையில கேட்டாலும் கிடைக்காது," என்பாராம் அப்பா. அம்மா சொல்லிக் கேட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

படிப்பு முடிந்து வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். திருடனுக்காக வைத்த பெட்டி. பகலில் அந்தக் கதவைத் திறப்பவள் இப்போது நான் ஒருத்திதான்.

"பாப்பா, கதவு தொறந்துச்சே?"

"பால் வாங்கப்பா."

கால் மணி நேரத்தில் மறுபடியும்.

"இப்ப எதுக்கும்மா?"

"துணி காயப்போட."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்."

அப்பா ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பதில் சொல்லி அலுத்து, கதவைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். பால் பாக்கெட்டை ஜன்னல் கம்பி வழியாக வாங்கினேன். கறிவேப்பிலை, ஜெராக்ஸ், காயப்போட்ட துணி எல்லாம் சேர்த்து ஒரே நடை. போகும்போது ஒரு முறை மணி அடிக்கும், வரும்போது ஒரு முறை. பகலில் மணியே அடிக்காத நாளில் அப்பா சிரித்த முகமாக வீட்டுக்கு வருவார்.

ஒரு நாள் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். சாயங்காலம் அம்மா வந்து கதவைத் திறக்கும் நேரத்திலும் மணி அடிக்காததால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "உம்பெட்டி ரிப்பேராமே? ஆலையில சிரிக்கிறானுங்க," என்றார். நான் செய்தது ரிப்பேரா? மறுநாள் காலையில் முதல் வேலையாக மாட்டிவிட்டேன்.

அப்போதுதான் துவாக்குடியில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்கல்ல? வேலைக்கெல்லாம் அவங்க அனுப்புனா போய்க்கலாம்மா."

இன்டர்வியூ அன்று காலை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின் புடவை கட்டிக்கொண்டேன். கையில் சான்றிதழ் ஃபைல், இன்னொரு கையில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். அதை நிலையில் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கதவு மூடியே இருப்பதாக ஸ்விட்ச் நம்பிக்கொள்ளும். கதவைத் திறந்தேன். பெட்டி சும்மா இருந்தது. முழுசாகத் திறந்தும் சும்மாவே இருந்தது. பதினொரு மணிக்கு இன்டர்வியூ. மூன்று மணிக்குள் திரும்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. வேலை கிடைத்தால்? தினமும் காந்தம் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். அப்பா ஆலை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட பெட்டியை, தினமும், நானே முட்டாளாக்க வேண்டும்.

காந்தத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். கதவைச் சாத்தி, மறுபடி திறந்தேன். பெட்டிக்குள் ரிலே 'டிக்' என்றது.

பஸ் ஸ்டாப் போவதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார்.

"பாப்பா, கதவு..."

"நான்தான்பா. துவாக்குடி போறேன். இன்டர்வியூ."

ஆலை மெஷின் இரைச்சலுக்கு நடுவே அப்பா கேட்டார்.

"கதவப் பூட்டுனியா?"

"பூட்டிட்டேன்பா."

"பஸ்ஸுல ஏறுனதும் ஒரு மிஸ்டு கால் குடு. எறங்குனதும் ஒண்ணு."

"எதுக்குப்பா?"

"சும்மாதாம்மா."

கொடுத்தேன். வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு மிஸ்டு கால் என்று இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். துவாக்குடி போவதற்குள் அப்பாவிடமிருந்து ஆறு கால் வந்திருந்தது.

போன மாதம் அப்பாவின் போனைச் சரிபார்க்கக் கையில் வாங்கினேன். என் எண்ணிலிருந்து ஒரு முறை அடித்துப் பார்த்தேன். என் எண்ணுக்கும் அதே கோயில் மணி அடித்தது.

"யாருப்பா இத மாத்துனது?"

"ஆலையில ஒரு தம்பிதான் வெச்சுக் குடுத்தான். எனக்கு எப்படித் தெரியும் எது எதுன்னு? வீடு, நீ, ரெண்டும் ஒண்ணுதானே," என்றார் அப்பா.